ஓரம் மடங்கிய அட்டை

இன்னும் பதினெட்டுப் பேர். எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணி முடித்துவிட்டேன். ஜனவரி ஒன்றாம் தேதி, காலை ஆராதனை முடியப் போகிறது, பெஞ்சுகளுக்கு நடுவே வரிசை நகர்கிறது, நிற்கிறது, நகர்கிறது. முன்னால் ஆல்டர் படியில் ஐயர் பித்தளைத் தாம்பாளத்தோடு நிற்கிறார். எங்கள் பக்கத்தில் கோயில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், என் மனைவி மங்கைக்கு இதைப் புரியவைக்கவே ஒரு வருஷம் ஆனது. தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், பார்க்காமல் இடத்துக்கு வர வேண்டும், கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் உனக்குக் கொடுத்த வாக்கு. மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை, மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை என்பதால். எனக்குத் தோன்றியது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே வரிசையில், பதினேழு வயதில். அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்றவள் எப்சிபா அக்கா. இன்றைக்கும் அவள்தான் நிற்கிறாள், முட்டி வலிக்கிறது என்று என் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. வரும் அஞ்சாம் தேதி ஓசூருக்கு மகன் வீட்டோடு போகிறாள், இனி ஊர்ப்பக்கம் வருவதாக இல்லை. ‘போறதுக்கு முன்னால ஒருக்க வந்து பாத்துட்டுப் போயேன் டே’ என்று போனில் கேட்டாள். வாரேன்க்கா என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் எட்டு மணி நேரம் ஒரே பேச்சை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அக்கா, அந்த அட்டை உங்களுக்கு வந்தது இல்லை, எனக்கு வந்தது, நான்தான் திரும்ப வைத்தேன். இவ்வளவுதான். நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டில் வைத்தே சொல்லியிருக்கலாம். முறுக்கு கொடுத்தாள், தின்றேன், காப்பி கொடுத்தாள், குடித்தேன், ஓசூரில் குளிராமே என்று பேசினேன். ஐம்பது வயது ஆளுக்கு வாயைத் திறக்க இவ்வளவு பயம்.

பதினேழு வயதில் நான் யார் என்று இன்றைக்கு என் மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன், எதற்கும் ஆதாரம் கேட்கிறவன், ராகு காலம் பார்க்கும் சக வாத்தியார்களைக் கிண்டல் செய்கிறவன். அப்போதோ வாலிபர் முகாமில் ரட்சிக்கப்பட்டவன். எங்கள் கூட்டத்தில் அதற்குத் தேதி கேட்பார்கள், தேதி சொல்லத் தெரியாதவனின் ரட்சிப்பு கொஞ்சம் சந்தேகம்தான். எனக்குத் தேதியோடு மணியும் தெரியும், மே பதினாலு, சாயங்காலம் நாலு பத்து. கண்ணீர் வழிய முழங்காலில் நின்றவனுக்கு மணி எப்படித் தெரிந்தது? நடுவில் ஒரு கண்ணைத் திறந்து வாட்சைப் பார்த்துக்கொண்டேன், பின்னால் சாட்சி சொல்ல வேண்டிவருமே. ஆனால் எல்லாமே நடிப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை, அதுதான் கஷ்டம். அந்தக் கோடை முழுக்க நான் போன தெருவில் எல்லாம் யாரோ கூடவே வந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தால் நன்றி, சைக்கிள் செயின் கழலாமல் வீடு சேர்ந்தால் நன்றி. எதற்கும் பயம் இல்லை, நாளைக்கு என்ன ஆகும் என்ற நினைப்பே இல்லை. அப்படி ஒரு நிம்மதி பிறகு எனக்கு வாய்க்கவில்லை, வேலை கிடைத்தபோதும் இல்லை, மங்கையைக் கல்யாணம் செய்தபோதும் இல்லை, மகள் யாழினியை முதல்முதலாகக் கையில் வாங்கியபோதுகூட இல்லை. ‘கிதியோன் ஜெபிக்கிற பிள்ளை’ என்று என்னை ஊரே சொன்னது. பரீட்சைக்குப் போகிறவர்கள் என் முன்னால் வந்து தலையைக் குனிந்தார்கள். எப்சிபா அக்கா பாடகர் குழுவில் முதல் குரல், கல்யாணமாகி ஒரு வருஷம், அவளும் வந்து, ‘ஒரு பிள்ளைக்கு ஜெபம் பண்ணு டே’ என்றாள். பண்ணினேன். நவம்பரில் உண்டானாள். ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டு தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன், இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

பதினைந்து பேர். பாடகர் குழு பாடுகிறது, யாரோ ஒரு பெண் குரல் மேலே போய் உடைகிறது, எப்சிபா அக்கா என் முதுகுக்குப் பின்னால் ‘ச்ச்’ என்கிறாள், இன்னும் பாட்டுக்காரிதான். அந்த ஜனவரி ஒன்று. அன்றைக்கு இருந்த ஐயர் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நான் ஒன்றை எடுத்தேன், இரண்டடி நகர்ந்து போயிருக்க வேண்டும், போகவில்லை, அங்கேயே ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஆண்டவரோடு அவ்வளவு சொந்தமாகிவிட்டேன், எனக்கும் அவருக்கும் நடுவில் முறை எல்லாம் எதற்கு என்று இருந்திருக்கும். உனக்கு ஆறுதல் தருவேன் என்கிற கருத்தில் ஒரு வசனம். கேட்கிற யாருக்கும் இனிக்கும். எனக்கு மட்டும் இனிக்கவில்லை. அழுகிறவனுக்குத்தானே ஆறுதல், அழாதவனுக்கு எதற்கு? அப்படியென்றால் இந்த வருஷம் ஏதோ வருகிறது, அம்மாவுக்கா, அப்பாவுக்கா, பிளஸ் டூ பரீட்சையா, அவருக்குத் தெரிந்திருக்கிறது, முன்கூட்டியே சொல்கிறார். நாலு பத்துக்கு வந்த தைரியம் எல்லாம் எங்கே போனதோ. அட்டையைத் திரும்ப வைத்தேன், நகம் பட்டு அதன் ஓரம் மடங்கியது, அவசரமாக வேறொன்றை எடுத்தேன். அது உன்னை மேலே உயர்த்துவேன் என்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் என் விலாவுக்குப் பக்கத்திலிருந்து கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, தாம்பாளத்தில் அத்தனை அட்டை கிடக்க, ஓரம் மடங்கியதைத்தான் எடுத்தது. பார்த்தேன். அக்கா, அதை எடுக்காதீங்க என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். பேசாமல் இடத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டேன், எல்லாரையும்போல.

மார்ச் மாதம் ஜோயல் சார் செத்துப் போனார். எப்சிபா அக்காவின் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், எனக்கு வாலிபால் சொல்லித் தந்தவர். பைக்கில் போனவரை லாரி அடித்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் சுவரில் ஏறி நின்றார்கள். நான் பக்கத்தில் போகவில்லை. கிட்டப் போனால் அவர் எழுந்து, எனக்கு வரவேண்டியது இல்லையே டே இது என்று கேட்டுவிடுவார் என்று பயமாக இருந்தது. பைத்தியக்காரப் பயம், ஆனால் பதினேழு வயதில் பயத்துக்குப் பைத்தியம் தெளியாது. பிறகு ஈஸ்டர் ஞாயிறு. அக்கா வயிறு தெரிய எழுந்து நின்றாள், வெள்ளைச் சேலை, கையில் அந்த அட்டை. ‘ஜனவரி ஒண்ணாந்தேதியே ஆண்டவர் எனக்குச் சொல்லிட்டாரு, நான் ஒனக்கு ஆறுதலா இருப்பேன்னு. எனக்கு வரப்போறது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால நான் விழமாட்டேன்’ என்றாள். கோயில் முழுக்க அழுதது. எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. அவள் உண்மையிலேயே விழவில்லை. ஆகஸ்டில் ஆரோனைப் பெற்றாள், தையல் கற்றுக்கொண்டாள், பள்ளியில் ஆயா வேலை பார்த்தாள், பையனைப் படிக்க வைத்தாள். வருஷா வருஷம் அந்தச் சாட்சியைச் சொன்னாள். பதினொரு வருஷத்துக்கு முன் என் அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டினாள், பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள், உறைக்குள்ளே அந்த மடங்கிய ஓரம் அப்படியே இருந்தது. ‘இதத் தொட்டுக்கிட்டு ஜெபம் பண்ணு டே, ஒனக்கும் ஆறுதல் வரும்’ என்றாள். தொட்டேன். அம்மா செத்த துக்கம் போய், எப்போது கையை எடுக்கலாம் என்று மட்டும் இருந்தது.

பத்துப் பேர். இல்லை, ஒரு குடும்பம் பிள்ளைகளோடு வந்திருக்கிறது, பதினொன்று. என் நம்பிக்கை எப்போது போனது என்று கேட்டால் அதற்குத் தேதி சொல்ல எனக்குத் தெரியாது, வந்ததற்கு மணி தெரிந்தவனுக்குப் போனதற்கு வருஷம்கூடத் தெரியவில்லை. கல்லூரி விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் தூங்கிவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு தூங்காமலே படுத்திருந்தேன். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சுருங்கி ஒரு கண்மூடலானது, பிறகு அதுவும் இல்லை. எல்லாரும் என் படிப்புதான் காரணம் என்கிறார்கள், அம்மா கடைசிவரை மங்கைதான் காரணம் என்றாள், பாவம் மங்கை, அவள் எந்தக் கோயிலுக்கும் போகாதவள். எனக்குத்தான் வேறு சந்தேகம். அந்த வருஷம் முழுக்க மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று கேட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. பிறகு ஒரு நாள், கேட்கிறவரே இல்லை என்றால் கேட்க வேண்டியதும் இல்லையே என்று தோன்றியது, தோன்றியதும் உடம்பே லேசானது. நான் யோசித்து யோசித்துக் கடவுளை விட்டவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் ஒரு அட்டைக்குப் பயந்து ஓடி வந்தவன்தானோ? கணக்கெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறேன். கட்டுக்கு நூறு அட்டை, இருபத்தைந்து வசனம், ஒவ்வொன்றும் நாலு தடவை. அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர் அடுக்கினபடி வருவதுதான். அந்த ஆறுதல் அட்டை அன்றைக்கு நாலு பேருக்குப் போயிருக்கும், மற்ற மூன்று பேர் அந்த வருஷம் நன்றாகத்தான் இருந்திருப்பார்கள். லாரிக்காரருக்கு எங்கள் கோயில் தாம்பாளம் தெரியாது. ஆகவே நான் ஒரு தப்பும் செய்யவில்லை. சரிதான். அப்படியென்றால் முப்பத்து மூன்று வருஷமாக ஏன் இது உறுத்துகிறது? அவர் இல்லை என்றால் அது வெறும் அட்டை, அவர் இருந்தால்தான் அது என் துரோகம். உறுத்துகிறதே, அப்போ இருக்கிறாரா? இந்த இடத்தில் வந்து எப்போதும் மாட்டிக்கொள்கிறேன், விலகிப் போய்ச் சுற்றி வந்து மறுபடியும் இங்கேயே.

யாழினி நேற்றுப் பேசும்போது பிரஷர் நூற்று ஐம்பது என்றாள். ஏழாம் மாதம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், தேவைப்பட்டால் முன்னாலேயே எடுத்துவிடலாம் என்றாராம், எடுத்துவிடலாம் என்ற சொல்லை அவள் சாதாரணமாகச் சொன்னாள், எனக்குச் சாதாரணமாக இல்லை. யாழினிக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, ஒரு பாட்டுச் சொல்லித் தரவில்லை, வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும் என்று பெருந்தன்மையாக இருந்தேன். இப்போது வரிசையில் நிற்கும்போது அவளுக்கு எது வரும் என்று நினைக்கிறேன். அவளுக்கா? அவளுக்கு இதில் என்ன இருக்கிறது, அட்டை எடுக்கப் போகிறவன் நான், நானும் அக்காவுக்காகச் சும்மா நிற்கிறவன். சும்மா நிற்கிறவனுக்கு உள்ளங்கை ஏன் வியர்க்கிறது. நாலு பேர். முதுகில் இருந்த கை திடீரென்று அழுந்தியது. ‘ஏல, முடியல’ என்றாள் அக்கா. கால் மடங்குகிறது, பிடித்துக்கொண்டேன், முன் பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்தேன். ‘படி ஏற மாட்டேன் போல இருக்கு டே. எனக்கும் சேத்து நீயே எடுத்துட்டு வந்துரு.’ இல்லக்கா, மெதுவா வாங்க, நான் பிடிச்சிக்கிடுதேன் என்றேன். ‘போ, போ, பின்னால ஆளு நிக்கி’ என்றாள். போனேன். ஐயர் சின்ன வயதுக்காரர், என்னைத் தெரியாது, சிரித்தார். இரண்டு என்று விரலைக் காட்டி அக்காவைக் கை காட்டினேன், தலையாட்டினார். எந்த ஓரமும் மடங்கியிருக்கவில்லை. வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று. பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. வலது கையில் இருப்பது அக்காவுக்கு என்று முடிவு செய்துகொண்டேன், செய்த முடிவை மாற்றக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன், கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, அக்கா, ஒரு விஷயம் என்று ஆரம்பித்துவிட வேண்டியதுதான்.

‘அக்கா, ஒரு விஷயம்’ என்றேன். ‘நானும் ஒரு விஷயம் சொல்லணும் டே, ஓசூர் போயிட்டா இனி எப்பச் சொல்ல’ என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ‘அந்த வருசம் நீ ஒரு அட்டைய எடுத்து, பாத்துட்டுத் திரும்ப வச்சல்லா. நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்.’ எனக்குக் காது அடைத்துவிட்டது. பாடகர் குழு பாடிக்கொண்டிருக்கிறது, வாய்கள் அசைகின்றன. ‘எனக்கு அடையாளம் தெரியணும்னு ஓரத்த மடக்கி வேற வச்ச. எதுக்கோ பிள்ள நமக்குன்னு வைக்கான்னுதான் எடுத்தேன். சார் போன பொறவுதான் புரிஞ்சுது. ஆண்டவர் ஒனக்கு முன்னாலேயே காட்டியிருக்காரு. நேர்ல சொன்னா இவ தாங்கமாட்டான்னு அட்டையாக் குடுத்திருக்க. இத்தன வருசத்துல நீ ஒரு நாளு அதச் சொல்லிக் காட்டல. நானும் சாட்சியில ஒம் பேரச் சொல்லல, பிள்ளைக்குப் பெரும வந்துரக் கூடாதுன்னு.’ கண் நிறைந்திருந்தது, இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, அந்தக் கண்ணும் நிறைந்திருந்தது. ‘இல்லக்கா’ என்றேன். எட்டு மணி நேரம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததில் அந்த ஒரு சொல்தான் வந்தது. தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கையைத் தட்டிக்கொடுத்தாள். ‘எனக்கு இப்ப எழுத்தும் தெரியல. நீயே ரெண்டையும் பாரு. அன்னைக்கு மாதிரி எது எனக்கோ அத நீயே குடு. மருமக பெனிலாவுக்கு ஏழு வருசமா ஒண்ணும் தங்கல டே. அதுக்குத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆரோன்கிட்டகூடச் சொல்லல.’

திருப்பினேன். வலது கையில் இருந்தது, உன் பிள்ளைகளின் பிள்ளைகளை நீ கண்ணால் காண்பாய் என்கிற கருத்து. இடது கையில் ஆறுதல். கட்டுக்கு நூறு, இருபத்தைந்து வசனம், ஒவ்வொன்றும் நாலு. நடக்கக்கூடியதுதான், ஒரு ஆச்சரியமும் இல்லை. வலது கை அக்காவுக்கு என்று முடிவு செய்தவன் நான், யாரும் சொல்லாமல் நானாக முடிவு செய்தது, பத்தடிக்கு முன்னால். பெனிலா, ஏழு வருஷம். நூற்று ஐம்பது, ஏழாம் மாதம், எடுத்துவிடலாம். வெறும் காகிதம். வெறும் காகிதம்தானே, கொடுத்துவிடு, நம்பாதவனுக்கு இதில் போவது என்ன, நம்புகிறவளுக்குக் கொடு. வலது கையை நீட்டு. கை நீளவில்லை. அழுகிறவனுக்குத்தானே ஆறுதல் என்று பதினேழு வயதுக் குரல் காதுக்குள் கேட்கிறது, அதே குரல், கொஞ்சம்கூட வயசாகவில்லை. இத்தனை வருஷம் நான் விட்டதாக நினைத்ததில் நன்றி போய்விட்டது, நிம்மதி போய்விட்டது, பாட்டும் ஜெபமும் போய்விட்டது, பயம் மட்டும் ஒரு இடத்துக்கும் போகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ‘என்ன டே, எது?’ என்றாள். ‘இதுதான்க்கா’ என்று இடது கையில் இருந்ததைக் கொடுத்தேன்.

‘வாசி’ என்றாள். வாசித்தேன். சிரித்தாள், அழுதாள், அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ‘எம் பழைய வசனம்லா! ஊர விட்டுப் போகும்போதும் கூடவே வாராரு பாத்தியா.’ அப்புறம் மெதுவாக, எனக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல், ‘பெனிலாவுக்குத்தான் ஏதாவது வரும்னு நெனச்சேன். சரி, அவருக்குத் தெரியாதா’ என்றாள். நான் தரையைப் பார்த்தேன், சிவப்பு சிமெண்ட் தரை, அதில் ஒரு விரிசல் பெஞ்சுக்கு அடியில் போகிறது. ‘ஒனக்கு என்ன வந்துச்சு?’ வீட்ல போய்ப் பாத்துக்கிடுதேன்க்கா என்றேன், அப்போதுதான் அவள் கண் முன்னாலேயே இரண்டையும் திருப்பிப் பார்த்தவன் நான் என்பது நினைவுக்கு வந்தது, அவளுக்கு அது தோன்றவே இல்லை. ‘அதான் முறை, ஜெபம் பண்ணிட்டுப் பாரு’ என்றாள். ஐயர் ஆசீர்வாதம் சொல்லக் கையை உயர்த்தினார், எல்லாரும் எழுந்து தலை குனிந்தார்கள், அக்காவும் என் தோளைப் பிடித்து எழுந்தாள், எனக்காகவும் சேர்த்துத்தான் ஜெபிப்பாள், எனக்குத் தெரியும். வலது கையில் இருந்ததைக் கிழித்துப் போட்டுவிடலாம். வெளியே போய்ச் சாக்கடையில் போட்டுவிடலாம், நம்பாதவன் செய்ய வேண்டியது அதுதான். சட்டைப் பையில் வைத்தால் வியர்வையில் எழுத்து கரைந்துவிடும் என்று தோன்றியது. எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் பர்ஸைத் திறந்து, யாழினியின் போட்டோவுக்குப் பின்னால், ஓரம் மடங்காமல் பார்த்து வைத்தேன்.